தன்னார்வ நிரலர்கள் தேவை என்று எழுதினால் ஏன் யாரும் வருவதில்லை?

பொன்வண்டு:

வணக்கம் நண்பர்களே. தமிழில் சந்திப்பிழை கண்டுபிடிக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை இரண்டு வருடமாகத் தனியாக எழுதி வருகிறேன். ‘அந்த பையன்’ என்று கொடுத்தால் ‘அந்தப் பையன்’ என்று திருத்திக் காட்டும். ‘வந்த பையன்’ என்றால் தொடாது, ஏனென்றால் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. ‘பாலை குடித்தான்’ என்பதைப் ‘பாலைக் குடித்தான்’ ஆக்கும். இதெல்லாம் ஓரளவு ஓடுகிறது. விதிவிலக்குகள்தான் பாடாய்ப் படுத்துகின்றன. தனி ஆளாக இதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

போன மாதம் நான்கு வாட்சப், டெலிகிராம் குழுக்களில் இப்படி எழுதிப் போட்டேன்:

“தமிழுக்காக ஒரு கட்டற்ற மென்பொருள் உருவாக்கி வருகிறேன். ஆர்வமுள்ள நிரலர்கள் பங்களிக்கலாம். ஒன்றிணைந்து தமிழை வளர்ப்போம்.” கீழே, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் சுட்டி.

கைதட்டல் குறிகள் நிறைய வந்தன. மூன்று பேர் “நானும் சேர்கிறேன்” என்றார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு வரி நிரல் அனுப்பவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. நான் எழுதியதில்தான் ஏதோ இல்லை என்று தோன்றுகிறது. ஆள் கேட்டு எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொல்லிமலை:

அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். உண்மையாகவே சேர நினைத்துத்தான் சொன்னேன். அன்று இரவு உங்கள் கிட்ஹப் களஞ்சியத்தைத் திறந்தேன். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் நான்கு வரி இருந்தது. எதை நிறுவ வேண்டும், எந்தக் கோப்பில் தொடங்க வேண்டும், உங்களுக்கு இப்போது எது தேவை என்று எதுவும் தெரியவில்லை. செய்ய வேண்டிய வேலைகளையும் பிழைகளையும் பதியும் இஷ்யூ பக்கம் காலியாக இருந்தது. “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அது உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று பட்டது. மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் மறந்துபோயிற்று.

பொன்வண்டு:

இதைச் சொன்னதற்கு மிக்க நன்றி. இஷ்யூ எதுவும் திறந்து வைக்காததற்குக் காரணம், எல்லாம் என் தலையிலேயே இருக்கிறது. வேறொருவருக்குத் தேவைப்படும் என்று யோசிக்கவே இல்லை.

அகவல்:

பொன்வண்டு, கொல்லிமலை எழுதியதை இரண்டு முறை படியுங்கள். ஆள் சேர்ப்பு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. ஆர்வத்துடன் வந்தவர் செய்ய வேலை கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கிறார்.

ஆவணம், விரிதாள் தயாரிக்கும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் எப்படி ஆள் சேர்த்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்த விஷயம் இது.

2010 செப்டம்பர் 28 அன்று ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்து லிப்ரே ஆஃபிஸ் தொடங்கியது. அந்த நிரலுக்கு அப்போதே வயது அதிகம். 1980களில் ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தில் பிறந்து, 1999இல் சன் நிறுவனத்துக்குக் கைமாறி, 2010இல் ஆரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. பல லட்சம் வரி சி++. உள்ளே எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் இதைப் பார்த்தால் ஓடிவிடுவார்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சிக்கலையே முதல் வேலையாக எடுத்துக் கொடுத்தார்கள். ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். ஜெர்மன் குறிப்பை ஆங்கிலத்தில் மாற்றுவது அதில் ஒன்று. இதற்கு சி++ தேர்ச்சி தேவையில்லை, ஜெர்மன் தெரிந்தால் போதும். ஆனால் அதைச் செய்து அனுப்ப வேண்டுமானால் நிரலை இறக்க வேண்டும், கட்டிப் (ஓடும் மென்பொருளாக மாற்றிப்) பார்க்க வேண்டும், மாற்றத்தை மறுபார்வைக்கு அனுப்ப வேண்டும். அதாவது அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் முறை முழுவதும் கைக்கு வந்துவிடும். அடுத்தது, நிரலில் எங்கும் அழைக்கப்படாத செயல்கூறுகளை (ஃபங்ஷன்களை) நீக்குவது. இப்படிப் படிப்படியாக உள்ளே போக வழி இருந்தது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் கடினம் எவ்வளவு, எந்த மொழி தெரிய வேண்டும் என்று குறிச்சொல் உண்டு. என் கணக்கில் அதைவிடப் பெரிது ‘கோட் பாயிண்டர்’. அதாவது, இந்த வேலைக்கு இந்தக் கோப்பைத் திற, இந்தச் செயல்கூறைப் பார் என்று தெரிந்தவர் ஒருவர் முன்பே எழுதி வைப்பது. அது இல்லாமல் ஒரு வேலையை ‘எளிது’ என்று சொல்லக்கூடாது. பராமரிப்பாளருக்கு அதை எழுதப் பத்து நிமிடம் போதும். அது இல்லையென்றால் புதியவர் ஒரு வாரம் தேடுவார்.

இன்னொன்று, உரிமம் பற்றிய பேச்சு. பழைய திட்டத்தில் காப்புரிமையை நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. லிப்ரே ஆஃபிஸில் அது இல்லை. “என் பங்களிப்புகளை இந்த உரிமங்களின்கீழ் வெளியிடலாம்” என்று குழு மடலுக்கு ஒரு வரி அனுப்பினால் முடிந்தது. என்ன எழுத வேண்டும் என்ற வாசகத்தையும் அவர்களே தந்திருந்தார்கள். நகலெடுத்து ஒட்டினால் போதும். புதியவர் தயங்கி நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே யாரோ வந்து நின்று வழி சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் அறிவிப்பில் ‘தமிழை வளர்ப்போம்’ என்பது நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் ‘எட்டு, பத்து என்ற எண்களுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதி இன்னும் எழுதப்படவில்லை, இந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும்’ என்று இருந்திருந்தால், கொல்லிமலை அன்று இரவே அதைச் செய்திருப்பார்.

கொல்லிமலை:

கண்டிப்பாகச் செய்திருப்பேன். ‘எட்டுப் பாடல்’ மிகும், ‘ஏழு பாடல்’ மிகாது. அரை மணி நேர வேலை.

மணல்மேடு:

பழைய அறிவிப்புகள் இரண்டைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டுமே யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாத வலையமைப்பில் வந்தவை, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

முதலாவது, 1983 செப்டம்பர் 27 அன்று யுனிக்ஸ் போன்ற ஒரு கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்து எழுதியது. பணம், கணினி, நிரல், உழைப்பு நான்கையும் நேரடியாகக் கேட்கிறார். முதலில் என்னென்ன எழுதப்போகிறோம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: கெர்னல், எடிட்டர், ஷெல், சி கம்பைலர், லிங்கர், அசெம்பிளர். எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. ஆளுக்கொரு மூலையில் பகுதி நேரமாக எழுதினால் துண்டுகள் ஒன்றோடொன்று சேராதே என்ற சந்தேகம் படிப்பவருக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அதற்கும் அங்கேயே பதில் சொல்கிறார். யுனிக்ஸ் ஏற்கெனவே இருப்பதால் ஒவ்வொரு துண்டும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முடிவான ஒன்று, எனவே ஒருவர் ஒரு கருவியை மட்டும் தனியாக எழுதித் தந்தாலும் அது பொருந்தும் என்கிறார். தன்னார்வலரின் நேரம் வீணாகாது என்பதற்கு அவர் காரணத்தோடு உறுதி தருகிறார்.

இரண்டாவது, 1991 ஆகஸ்ட் 25. பின்னாளில் லினக்ஸ் ஆன இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் குழுவில் எழுதுகிறார். பொழுதுபோக்காகச் செய்கிறேன், 386 கணினிகளுக்கானது, பேஷ் 1.08 ஷெல்லும் ஜிசிசி 1.40 கம்பைலரும் இதில் ஓடுகின்றன, வேறு வகைக் கணினிகளுக்கு மாற்ற முடியாது, ஏடி வன்வட்டு தவிர வேறெதுவும் அநேகமாக ஓடாது. இதுதான் சாரம். மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்கிறார். சொல்வதையெல்லாம் செய்வேன் என்று வாக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

அதில் ‘வந்து சேருங்கள்’ என்ற அழைப்பே இல்லை, கவனித்தீர்களா? எது ஓடுகிறது, எது ஓடாது என்று ஒளிக்காமல் சொன்னதும், பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டதும்தான் ஆட்களை எழுத வைத்தது. மினிக்ஸ் பற்றி அந்தக் குழுவில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்திருக்கும்.

கடலோரம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அறிவிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிரல் கைக்கு அடங்காததாக இருந்தால் ஆள் நிற்காது. 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. உலகமே பேசியது. அதற்கு மேல் ஒரு விளம்பரம் எந்தத் திறமூலத் திட்டத்துக்கும் அதுவரை கிடைத்ததில்லை. ஆனாலும் முதல் வருடத்தில் வெளியிலிருந்து வந்த பங்களிப்பு எதிர்பார்த்த அளவில் கொஞ்சம்கூட இல்லை. நிரல் சிக்கலானது. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தால், தகவலை மறைத்துக் காக்கும் குறியாக்கப் பகுதியை நீக்கித்தான் வெளியிட்டார்கள். மின்னஞ்சல் பகுதியும் அதில் இல்லை. யுனிக்ஸில் கட்டுவதற்கு மோட்டிஃப் என்ற காசு கொடுத்து வாங்கும் நிரலகம் வேண்டும். இறக்கிக் கட்டினால் அன்றாடம் பயன்படுத்தும் உலாவி கிடைக்காது. தான் பயன்படுத்தாத ஒன்றை யார் திருத்துவார்கள்?

இரண்டாவது, நேரம். வேலை, வீடு, குழந்தை எல்லாம் முடிந்து இரவு பத்தரைக்குத்தான் நம்மில் பலருக்குக் கணினி கிடைக்கிறது. புதியவர்களைத் திறமூலத்துக்குக் கொண்டுவரும் ஔட்ரீச்சி, கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்ற திட்டங்கள் உதவித்தொகை தருவதற்குக் காரணம் இருக்கிறது. இலவசமாக உழைக்க எல்லோராலும் முடியாது.

அகவல்:

கடலோரம் சொல்வது சரி. ஆனால் நெட்ஸ்கேப் கதையையும் தகவல் தொடர்பின் பக்கமிருந்து பார்க்கலாம். அந்த மூலநிரலைத் தொடர்ந்து வளர்த்த மொசில்லா திட்டம் பின்னாளில் ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ என்று குறியிட்டு, ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு வழிகாட்டியின் பெயரைப் போட்டு வைக்கும் பழக்கத்துக்கு வந்தது. “இதில் சிக்கினால் இவரைக் கேள்” என்று ஒரு மனிதரின் பெயர் அங்கே இருக்கும்.

நேரம் பற்றி: இரவு பத்தரைக்கு உட்காருபவருக்கு 40 நிமிடம்தான் இருக்கிறது என்றால், அறிவிப்பிலேயே ‘இது 40 நிமிட வேலை’ என்று சொல்ல வேண்டும். அவருடைய நேரத்தை மதிக்கும் முறை அதுதான்.

பொன்வண்டு:

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதம் ஒருவர் ‘கொ’ என்ற எழுத்து வரும் சொற்களில் என் திருத்தி நிரல் சறுக்குகிறது என்று எழுதியிருந்தார். நான் பார்த்தது 23 நாள் கழித்து. பதில் எழுதினேன், அவர் திரும்பி வரவில்லை. அலுவலகத்தில் வேலை நெருக்கடி. பொறுப்பில்லாமல் இருந்ததில்லை. எவ்வளவு நாளுக்குள் பதில் சொன்னால் போதும்?

அகவல்:

மொசில்லாவில் பங்களிப்பாளர் தரவுகளை அலசிப் பார்த்தபோது கிடைத்த கணக்கு ஒன்று உண்டு. தன் முதல் நிரல்மாற்றத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மறுபார்வை கிடைத்தவர்கள் திரும்ப வந்து பங்களிப்பது மிக அதிகம். 7 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் திரும்பி வருவது கிட்டத்தட்ட பூச்சியம்.

மறுபார்வையை 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். “பார்த்தேன், நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுமையாகப் படிக்கிறேன்” என்று ஒரு வரி எழுதலாமே. அலுவலக நெருக்கடி இருக்கும் மாதத்தில் ரீட்மீயின் தலையிலேயே ‘இந்த மாதம் பதில் தாமதமாகும்’ என்று போட்டுவிடலாம். காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கேட்டது யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நாவற்குளிர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, பேசும் தொனி. சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்துக்கு என் முதலாவது புல் ரிக்வெஸ்டை, அதாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் நிரல்மாற்றத்தை அனுப்பினேன். திட்டத்தின் பெயர் வேண்டாம். “விதிமுறையைப் படிக்காமல் அனுப்பாதீர்கள்” என்று ஒற்றை வரியில் பதில் போட்டு மூடிவிட்டார்கள். எந்த விதிமுறை, அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. எல்லோரும் பார்க்கும் இடத்தில் அப்படி ஒரு வரி விழுந்தால் அடுத்த தடவை அனுப்ப ஒரு வருடம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. லினக்ஸ் கெர்னல் போன்ற பெரிய இடத்திலேயே 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மடல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்தார். கெர்னலுக்கு நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. ஆட்களைக் கூப்பிடும்போது மட்டும் அன்பாகக் கதைத்துப் பயனில்லை. மறுக்கும்போதும் அப்படியே கதைக்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. உங்கள் களஞ்சியம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய ஆட்களில் பாதிப்பேர் இலக்கணம் தெரிந்த தமிழாசிரியர்கள் இல்லையா? எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கினம். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவினம். அவர்களுக்கு கிட்ஹப் தெரியாது. ஒரு கூகுள் படிவம் தாருங்கள்: பிழையான சொற்றொடர், சரியான சொற்றொடர், காரணம். மூன்று பெட்டி போதும்.

பொன்வண்டு:

நாவற்குளிர் அக்கா, இது என் மனதில் தோன்றவே இல்லை. நிரலர்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். படிவம் இன்றே தயார் செய்கிறேன்.

மணல்மேடு:

கேட்பதைத் துல்லியமாகக் கேட்க டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது. அதில் ஒரு மென்பொருள் தொகுப்பைப் பராமரிப்பவர் தன் நிலையைக் குறிச்சொல்லால் அறிவிக்கலாம். ‘ஆர்எஃப்ஹெச்’ என்றால் நான் இருக்கிறேன், கூட ஒரு கை வேண்டும். ‘ஆர்எஃப்ஏ’ என்றால் வேறொருவர் பொறுப்பெடுத்தால் நல்லது, அதுவரை பார்த்துக்கொள்கிறேன். ‘ஓ’ என்றால் கைவிட்டுவிட்டேன், ஆளில்லை. மூன்றும் வெவ்வேறு வேண்டுகோள். நாமோ மூன்றுக்கும் ‘பங்களிக்க வாருங்கள்’ என்ற ஒரே வாக்கியத்தை எழுதுகிறோம். பொன்வண்டு, நீங்கள் முதல் நிலையில் இருக்கிறீர்களா, இரண்டாவதிலா? அதை அறிவிப்பில் சொல்லுங்கள்.

கொல்லிமலை:

ஒரு பயம். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த விவகாரம் வெளிவந்ததே, அதில் உதவிக்கு வந்தவர்போல இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர்தான் அதைச் செருகினார். சோர்ந்திருந்த பராமரிப்பாளரைப் பிறர் அவசரப்படுத்தியதும் அதில் ஒரு பகுதி. ஆள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பது ஆபத்தாகாதா?

அகவல்:

நியாயமான கேள்வி. மாற்றம் அனுப்புவது வேறு, நேரடியாகச் சேர்க்கும் உரிமை வேறு. முதலாவதற்கு யாரும் வரலாம். இரண்டாவது எப்போது, எப்படிக் கிடைக்கும் என்பதை முன்பே எழுதி வைத்துவிட்டால், “ஏன் இன்னும் தரவில்லை?” என்று யாரும் நெருக்க முடியாது. வெளியீட்டுக் கோப்பு களஞ்சியத்தில் இருக்கும் நிரலிலிருந்துதான் கட்டப்படுகிறது என்பதையும் யாரும் சரிபார்க்கும்படி வையுங்கள். எக்ஸ்இஸட்டில் பின்கதவை இயக்கும் துண்டு களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது.

கடலோரம்:

இன்னொரு எச்சரிக்கை. பரிசு, சான்றிதழ் என்று ஆசை காட்டி ஆள் சேர்க்க வேண்டாம். 2020 அக்டோபரில், திறமூலத்துக்குப் பங்களித்தால் பரிசு என்று நடந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில் டி-சர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. பராமரிப்பாளர்கள் தவித்துப்போய்க் குரல் எழுப்பிய பிறகு, விரும்பிச் சேரும் களஞ்சியங்களை மட்டும் கணக்கில் எடுக்கும்படி நடுவிலேயே விதியை மாற்றினார்கள்.

பொன்வண்டு:

எல்லாவற்றையும் வைத்துப் புதிதாக எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

“சந்திப்பிழை திருத்தி: இரண்டு சிறு வேலைகளுக்கு ஆள் தேவை. இது தமிழ் உரையில் வல்லினம் மிகும் இடங்களைச் சரிபார்க்கும் பைத்தான் நிரல். சுட்டெழுத்து, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை விதிகள் வேலை செய்கின்றன. வினைத்தொகையை இன்னும் அடையாளம் காணத் தெரியாது, அதனால் ‘சுடு சோறு’ போன்ற இடங்களில் தவறு செய்யும். நான் தொடர்ந்து பராமரிப்பேன், கூட இரண்டு கைகள் வேண்டும்.

முதல் வேலை: எட்டு, பத்து என்ற எண்களுக்குப் பின் மிகும் விதி. எண்களுக்கான கோப்பின் பெயரும், எழுத வேண்டிய இடமும் இஷ்யூவில் இருக்கின்றன. பைத்தான் அடிப்படை போதும். சுமார் ஒரு மணி நேரம்.

இரண்டாம் வேலை: ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், நிரலுக்கு வேறு. உள்ளீட்டை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பைத்தானிலேயே இதற்கான நிரலகம் உண்டு, பெயர் இஷ்யூவில். சுமார் இரண்டு மணி நேரம்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் பிழையான சொற்றொடர்களைப் படிவத்தில் அனுப்பலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ கேளுங்கள். இரண்டு நாளுக்குள் ஒரு வரியாவது பதில் வரும். எந்தக் கேள்வியும் தொந்தரவு இல்லை.”

நாவற்குளிர்:

நல்லா இருக்கு. ‘எந்தக் கேள்வியும் தொந்தரவு இல்லை’ என்பதை மேலே கொண்டுவாருங்கள். கடைசி வரி வரை எல்லோரும் படிக்கமாட்டார்கள். படிவத்தின் சுட்டியை எனக்கு அனுப்புங்கள், என்னுடைய பழைய தமிழ் ஆசிரியரிடம் காட்டுகிறேன்.

அகவல்:

முதல் வேலை ஒருவர் எடுத்தபின் இன்னொருவரும் தெரியாமல் அதையே செய்யக்கூடும். “எடுத்துக்கொள்கிறேன் என்று இஷ்யூவில் ஒரு வரி எழுதுங்கள், இரண்டு வாரம் உங்களுக்காக வைத்திருப்பேன்” என்று சேர்த்துவிடுங்கள்.

பொன்வண்டு:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். இன்று மாலை குழுக்களில் போடுகிறேன்.

கொல்லிமலை:

முதல் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். இஷ்யூவிலும் எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் நிறுவல் வழிமுறையின் நான்காவது படியில் விண்டோஸில் நின்றுவிடுகிறது. சோதனைக் கோப்பைத் திறக்கும்போது தமிழ் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்று பிழை வருகிறது.

பொன்வண்டு:

கோப்பைத் திறக்கும் இடத்தில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நான் குறிப்பிடவே இல்லை. என்னுடையது லினக்ஸ் என்பதால் இத்தனை நாளாகத் தெரியவில்லை. மாற்றி ஏற்றிவிட்டேன், மறுபடி இறக்கிப் பாருங்கள். இன்று பதினொன்றரை வரை இங்கேதான் இருப்பேன்.

கொல்லிமலை:

இப்போது ஓடுகிறது. சோதனைகள் எல்லாம் பச்சை. எண்கள் கோப்பைத் திறந்துவிட்டேன். ‘அரைப் பக்கம்’, ‘பாதித் தூக்கம்’ ஆகியவற்றிலும் மிகும், அவற்றையும் இதிலேயே சேர்க்கட்டுமா, தனி இஷ்யூவா?

பொன்வண்டு:

தனி இஷ்யூ. இதோ திறந்துவிட்டேன், உங்கள் பெயரிலேயே.